ஊசி கேட்டு வந்தவர்கள், ஊசி திருப்பித் தந்தவர்கள்: தமிழ்நாடு-கேரள எல்லையோர அனுபவங்கள்

மருந்துக்கடைக்காரன், கொழிஞ்சாம்பாறைப் பக்கம்

வேலந்தாவளம் சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போதைக்காக வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற பழக்கத்தைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. சீட்டு இல்லாமல் சிரிஞ்சு கேட்டு வருகிற இளைஞர்களுக்குக் கொடுப்பதில்லை என்று எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம்.

போன ஆடி மாதத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், இருபது வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்து நின்றான். "அண்ணா, இன்சுலின் சிரிஞ்சு ரெண்டு குடுங்கண்ணா, பாட்டிக்கு" என்றான். பாட்டி எந்த இன்சுலின் போடுகிறார் என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

பத்து நிமிடம் கழித்துக் குப்பை கொட்டச் சந்துப் பக்கம் போனேன். பக்கத்தில் இருக்கிற சிறிய மருத்துவமனையின் சிவப்புப் பைக்குள் அவன் கை முழங்கை வரை போயிருந்தது. (ஊசிகள் அந்தப் பைக்குள் வந்திருக்கவே கூடாது, துளை விழாத வெள்ளைக் கலனில் போக வேண்டியவை, அது வேறு கதை.) ஒரு சிரிஞ்சை எடுத்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு முனை மழுங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக அந்த ஊசியைத் தன் இடது பெருவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தான். கத்திக்குச் சாணை பிடிக்கிறவர் செய்கிற காரியம் அது. என்னைப் பார்த்ததும் பையை ஒழுங்காகக் கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான். கடையில் அந்தச் சிரிஞ்சின் விலை பத்து ரூபாய்க்கும் குறைவு.

நான் செய்தது சரியா, தவறா என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

முன்னாள் களப்பணியாளர், பாலக்காடு

ஐயா, கேட்டுவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன், தவறுதான். ஆனால் அதைச் சொல்வதற்காக நான் எழுத வரவில்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் நடக்கிற ஊசியைப் பகிர்ந்து தொற்று பரவாமல் இருக்க, போதை ஊசி போடுகிறவர்களுக்குப் புதிய ஊசி வழங்கும் திட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். புதிய ஊசியும் சிரிஞ்சும் கொடுத்துப் பழையவற்றைத் திரும்ப வாங்குவது, சீழ்க்கட்டிக்கு மருந்து வைத்துக் கட்டுவது, பரிசோதனைக்கு அழைத்துப் போவது ஆகியவைதான் எங்கள் வேலை. எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கஞ்சிக்கோட்டுப் பக்கம் சுமை இறக்குகிறவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இடுக்கியால் எடுத்து எண்ணினேன். முந்தைய வாரம் நாங்கள் அவருக்குக் கொடுத்தவை முப்பது, டப்பாவில் இருந்தவையோ நாற்பத்தொன்று.

"மிச்சம் பதினொண்ணு யாருதுண்ணே?" என்று கேட்டேன். "பாலத்துக்கு அடியில கெடந்துது தம்பி. பிள்ளைங்க பந்து எடுக்க அங்கதான் எறங்குறாங்க" என்றார்.

எங்கள் பதிவேட்டில், கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தால் எழுதுவதற்கு இடமே கிடையாது. முப்பது என்று எழுதினேன். அந்தப் பதினொன்றை எழுதாமல் விட்டது இன்றைக்கும் என்னை அரிக்கிறது, ஏனென்றால் அடுத்த மாதம் பஞ்சாயத்தில் ஒருவர் எழுந்து, ஊசி கொடுக்கிறவர்களால்தான் ஊரெல்லாம் ஊசி கிடக்கிறது என்று பேசியபோது என் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பையில் ஊசிகளோடு போய்க்கொண்டிருந்த எங்கள் திட்டத்தில் வேலை பார்த்த பையன் ஒருவனைச் சாலையில் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். இப்போது களத்தில் இருக்கிறவர்கள் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்து, ஒரு நகலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தொற்று அபாயத்தைக் குறைப்பதற்காகச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமாகாது என்பதை அந்தப் பிரிவு விளக்க எடுத்துக்காட்டோடு சொல்கிறது. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

கம்பத்துக்காரி

மேலே எழுதியிருக்கிறவர் கதையை அழகாகச் சொல்லியிருக்கிறார். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

என் தம்பி குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தான். ஊசி கொடுக்கிறவர்கள் அவனையும் சந்தித்திருக்கிறார்கள். அவனுடைய பெட்டிக்குள் பிரிக்காத ஊசி உறைகளை நானே பார்த்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பான மூடி, அதன் அடியில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்த மாவு, ஒரு சிறிய பஞ்சு உருண்டை. அந்த மூடியை நான் முதலில் கோலப்பொடிக் கிண்ணம் என்று நினைத்தேன். அவன் எச்.ஐ.வி.யால் சாகவில்லை. இதயத்தின் வால்வில் கிருமி பற்றிக் காய்ச்சலிலேயே கிடந்து செத்தான். தோலில் இருக்கிற கிருமி ஊசி வழியாக இரத்தத்தில் ஏறி இதயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று மருத்துவர் சொன்னபோதுதான் அப்படி ஒரு நோய் இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

அவனுக்கு ஊசி கொடுத்தவர்கள், இதை விடு என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? சுத்தமான ஊசியில் அழுக்கு மாத்திரையை ஏற்றினால் அது சுத்தமாகிவிடுமா? எரிகிற வீட்டுக்குள் இருப்பவனுக்கு விசிறி கொடுப்பதற்குத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மருந்துக்கடை ஐயா கொடுக்காமல் விட்டதுதான் சரி.

செங்கோட்டையிலிருந்து ஒருவன்

என் அனுபவம் சிறியது. புனலூரிலிருந்து வருகிற பேருந்தில் இருக்கை இடுக்கில் கைக்குட்டை விழுந்து, எடுக்கக் கையை விட்டபோது மூடியில்லாத ஓர் ஊசி என் மோதிரத்தில் பட்டு நின்றது. விரலில் படவில்லை. ஆரியங்காவு தாண்டும் வரைக்கும் அந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு இந்தத் துறை ஆய்வுகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

மருந்துக்கடைக்காரர் கேட்ட கேள்வி ஒரு நகரத்தில் ஏற்கெனவே கேட்கப்பட்டு, விடையும் வந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கடைகளில் சிரிஞ்சு கிடைப்பது அரிதானது, போலீசாரும் கண்ட ஊசிகளைப் பறிமுதல் செய்தார்கள். இருந்த சில ஊசிகளைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். அங்கே ஒரு குடும்ப மருத்துவர் நிலையத்தின் கவனிப்பில் இருந்த, ஹெராயின் பழகிய 164 பேரைச் சோதித்து 1986இல் வெளியிட்ட ஆய்வில் 51 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் அதற்கு முன்பே, 1984இல், போதை ஊசி போடுகிறவர்களின் சங்கமே முன்னின்று ஊசி மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. அப்போது அவர்களைப் பயமுறுத்தியது எச்.ஐ.வி. அல்ல, மஞ்சள் காமாலை. நம் நாட்டிலேயே மணிப்பூரில் 1989க்கும் 1990க்கும் இடையில், ஊசி போடுகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சில மாதங்களிலேயே தொற்று பரவியது. இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைப்பவர்களுக்கு 2025 மார்ச் மாதத்தில் கேரளத்து மலப்புறம் மாவட்டத்திலிருந்து வந்த வளாஞ்சேரிச் செய்தி நினைவிருக்கும்: ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஒரே வட்டத்து ஆட்கள் பலருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அது பாலக்காட்டுக்குப் பக்கத்து மாவட்டம்தான்.

கம்பத்து அம்மாவுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் திட்டங்களுக்கு எதிராகவும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. 1997இல் மான்ட்ரியாலில், ஊசி மாற்றும் மையத்துக்கு வந்தவர்களிடம் வராதவர்களைவிடக் கூடுதலாகத் தொற்று காணப்பட்டது. எதிர்ப்பாளர்கள் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அங்கே மையத்துக்கு வந்தவர்களில் பலர் நாளுக்குப் பல முறை கொக்கெய்ன் ஏற்றிக்கொள்கிற, ஏற்கெனவே மிகுந்த அபாயத்தில் இருந்தவர்கள்; ஒருவருக்கு இத்தனை ஊசிதான் என்ற வரம்பும் இருந்தது. மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம் இருப்பதைப் பார்த்து, மருத்துவமனைதான் நோயை உண்டாக்குகிறது என்று சொல்வது எவ்வளவு சரியோ அவ்வளவுதான் அந்த வாதமும் சரி. அதே ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 81 நகரங்களை ஒப்பிட்டது: திட்டம் இருந்த 29 நகரங்களில் தொற்று விகிதம் ஆண்டுக்கு 5.8 சதவீதம் குறைந்தது. இல்லாத 52 நகரங்களில் 5.9 சதவீதம் கூடியது.

ஆனால் ஊசி மட்டும் போதும் என்று நானும் சொல்ல மாட்டேன். கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி பற்றி, பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பில், போதைப் பொருளுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் மருந்து கொடுக்கிற மாற்று மருந்துச் சிகிச்சை தனியாக அந்த நோயின் அபாயத்தைப் பாதியாகவும், அதனோடு தாராளமாக ஊசி வழங்குதலும் சேர்ந்தால் ஏறத்தாழ 74 சதவீதமும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். தாராளம் என்றால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் ஆளுக்கு ஆண்டுக்கு 300 ஊசி என்று இலக்கு வைத்திருக்கிறது. நம் எல்லையோர ஊர்களில் அந்த எண்ணிக்கையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

செவிலியர், களியக்காவிளைப் பக்கம்

மோதிரத்தில் பட்டது என்கிறீர்கள், நல்ல வேளை. எனக்கு விரலிலேயே பட்டது.

தொடையில் பெரிய சீழ்க்கட்டியோடு ஒரு பையன் பாறசாலையிலிருந்து வந்திருந்தான். அவனைத் திட்டிக்கொண்டேதான் கட்டியைத் திறந்து சுத்தம் செய்தேன். அந்தத் திட்டல்தான் இப்போது மனத்தில் நிற்கிறது. உடையை நகர்த்தும்போது சட்டைப்பைக்குள் இருந்த ஊசி என் நடுவிரலில் ஏறிவிட்டது. அவன் பயந்துபோய் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இத எதுல போடணும்?" என்று கேட்டான். அதுவரை ஊசியை எதில் போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. கலனைக் கை காட்டினேன், தானே போய்ப் போட்டான்.

இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊசி குத்தினால் அந்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எனக்கு இரண்டாவது வாரத்தில் குமட்டல் தாங்கவில்லை, ஆனாலும் விடவில்லை. தொற்று உள்ளவரைக் குத்திய ஊசி நம்மைக் குத்தினால் எச்.ஐ.வி. வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி வருவதற்கான வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு. ஆகவே துப்புரவுப் பணியாளர்கள், சலவை செய்கிறவர்கள், பேருந்து சுத்தம் செய்கிறவர்கள் எல்லாரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் நம்பிக்கை மையம் என்றும், கேரளப் பக்கம் ஜ்யோதிஸ் என்றும் கேளுங்கள்; இரண்டிலும் கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். யாரும் கேட்காமலே இவ்வளவு எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் களப்பணியாளர், பாலக்காடு

கம்பத்து அக்காவுக்கு. உங்கள் தம்பியை எனக்குத் தெரியாது. விடு என்று சொல்லாமல் ஊசியை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்த நாட்கள் எங்களுக்கும் இருந்தன, இலக்கு எண்ணிக்கைக்காக. மாத்திரையில் கலந்திருக்கிற மாவும் பிசினும் நரம்பில் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை நரம்பையும் நுரையீரலையும் அடைக்கும். ஊசியைச் சுத்தமாக்கினாலும் அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும். ஊசி போடும் முன் தோலைத் துடைப்பதற்கான பஞ்சையும் ஊசியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அது கையிருப்பில் இல்லாத மாதங்களில் ஊசியை மட்டும் கொடுத்தோம். உங்கள் கோபம் அந்த இடத்தில் நியாயம்.

பெயர் வேண்டாம், சித்தூர் வட்டம்

அந்தச் சந்துப் பையன் நான் இல்லை. ஆனால் அதே கடைத்தெருவில் இல்லை என்று கேட்டுத் திரும்பியவன்தான்.

நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். ஊசி கிடைக்காத வாரங்களில் ஒன்றையே பல நாள் வைத்துக்கொள்வோம். மாறிவிடக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு நிறத்தில் நூல் சுற்றி வைத்திருந்தோம், என்னுடையது சிவப்பு. நாங்கள் பகிர்ந்துகொள்கிறவர்கள் இல்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. கை நடுக்கத்தில் மூவரும் இருட்டில் துழாவி எடுத்தோம். மின்சாரம் வந்தபோது என் கையில் இருந்ததில் பச்சை நூல் சுற்றியிருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. காலையில் நூல்களை அவிழ்த்துப் போட்டுவிட்டோம்.

எனக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. அது அந்த இரவில்தான் வந்ததா என்று சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள், செலவில்லை, குணமாகிவிட்டது. இப்போது நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற புப்ரனார்பின் என்ற மாற்று மருந்து சாப்பிடுகிறேன். செவிலியர் முன்னாலேயே, கரைந்து முடியும் வரை வாயைத் திறந்து காட்ட வேண்டும். முதல் பேருந்தைப் பிடித்தால்தான் அங்கிருந்து வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். ஞாயிற்றுக்கிழமைதான் தொல்லை, முதல் பேருந்து கிடையாது.

மருந்துக்கடை அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன் அதற்குப் பிறகு வந்தானா?

மருந்துக்கடைக்காரன், கொழிஞ்சாம்பாறைப் பக்கம்

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். கம்பத்து அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

அவன் வரவில்லை தம்பி. மறுநாள் காலையிலேயே நான் பக்கத்து மருத்துவமனையில் போய்ப் புகார் சொன்னேன். அந்த வாரமே சிவப்புப் பைகளை வைப்பதற்கு இரும்புக் கூண்டு செய்து பூட்டுப் போட்டுவிட்டார்கள். கூண்டு போட்ட பிறகு இரண்டு நாள், இரவு கடை சாத்துகிற நேரத்தில், அந்தப் பூட்டை யாரோ ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் நாளிலிருந்து கேட்கவில்லை.