ஃபிளீ மீண்டும் டிரம்பெட் எடுத்திருக்கிறார்: இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

நொய்யல் வாசகன் (கோவை):
ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஃபிளீ, தன் முதல் முழுநீளத் தனி ஆல்பமான ‘ஹொனோரா’வில் டிரம்பெட்டை முன்னிறுத்தியிருக்கிறார். சிறுவனாக அவர் ஊதிப் பழகிய வாத்தியம் அது. வளர்ப்புத் தந்தை ஜாஸ் வாசிப்பவர். பள்ளித் தோழர் ஹில்லெல் ஸ்லோவாக் பேஸ் கற்றுக்கொள்ளச் சொன்னதால்தான் ராக் பக்கம் போனார். 1983இல் குழு பிறந்தது. உலகம் முழுக்கப் பேஸுக்காகவே அறியப்பட்டவர், 60 வயதைக் கடந்தபின் பழைய வாத்தியத்தைக் கையில் எடுப்பது என்னை மிகவும் நெகிழ வைக்கிறது.

ஈரோட்டுக்காரன்:
எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. வாழ்நாள் முழுக்க டிரம்பெட் மட்டுமே ஊதிய ஒருவரின் ஆல்பம் வந்திருந்தால் இந்தப் பேச்சைத் தொடங்கியிருப்பீர்களா? இந்த ஆல்பத்தில் பாடியிருக்கும் ராக் பாடகர்கள் தாம் யார்க்கும் நிக் கேவும் அதற்கும் வந்து பாடுவார்களா? நம் ஊர்க் கல்யாணங்களில் பேண்டு செட்டுக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்பு முடியும்வரை ஊதிவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறார்கள். அவர்களும் முதல் வாத்தியத்தை விடாதவர்கள்தான். யார் கேட்கிறார்கள்?

கோபி ராகம்:
என் அப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியவர். அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். பேஸ் கிட்டாரில் விரலை உரிய கட்டத்தில் வைத்தால் சுரம் அங்கே இருக்கிறது. டிரம்பெட்டில் இருப்பவை மூன்று பிஸ்டன்கள். அவற்றை எப்படி மாற்றி அழுத்தினாலும் குழாய்க்கு ஏழு நீளங்கள்தான் கிடைக்கும். அந்த ஏழிலிருந்து மற்ற சுரங்களையெல்லாம் உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் எடுக்க வேண்டும். சில நாள் ஊதாமல் விட்டாலே உதடு தளர்ந்துவிடும். மேல் சுரம் பிசிறடிக்கும். ஆடியில் முகூர்த்தமே இருக்காது. ஆனாலும் அப்பா விடியலில் களத்தில் நின்று ஒரே சுரத்தை நீளமாக ஊதிக்கொண்டிருப்பார். அந்த உழைப்பைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, ஃபிளீயாகவே இருந்தாலும்.

ஈரோட்டுக்காரன்:
உழைப்பை நான் மறுக்கவில்லை, கோபி. உழைக்க நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. 2008இல் அவர் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இசைக் கோட்பாடும் ஜாஸ் டிரம்பெட்டும் படித்தார். 46 வயதில் வருமானக் கவலை இல்லாமல் வகுப்பில் உட்கார எத்தனை கலைஞர்களால் முடியும்? மாரியம்மன் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி ஆடுபவர்களுக்குப் பறையடித்து வளர்ந்த பையன்கள் இன்று ஆர்க்கெஸ்ட்ராவில் எலக்ட்ரானிக் தாளப் பேடு தட்டுகிறார்கள், பிழைக்க வேண்டுமே! அவர்களில் ஒருவன் பறையோடு தனி ஆல்பம் போட நினைத்தால் ஸ்டுடியோ வாடகையை யார் கொடுப்பார்கள்?

நொய்யல் வாசகன்:
அண்ணா, அது நம் சமூகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதை ஃபிளீயின் மேல் ஏற்றுவது நியாயமில்லை. கிடைத்த வசதியை அவர் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவும் இல்லை. 2001இல் லாஸ் ஏஞ்சலிஸில் சில்வர்லேக் இசைப் பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கட்டணம் செலுத்த முடியாத பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். அப்படி ஒரு பள்ளி ஈரோட்டில் பறைக்கும் பேண்டுக்கும் இருந்தால் நீங்கள் சொல்லும் பையன் பேடு தட்டப் போயிருக்க மாட்டான்.

பொள்ளாச்சி சந்தை:
ஆல்பத்தில் ஜெஃப் பார்க்கர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் சுற்றி நின்று தாங்குகிறார்கள் என்பதையும் பேசுங்கள். நல்ல பக்கவாத்தியம் இருந்தால் சுமாரான ஊதலும் எடுபடும்.

கோபி ராகம்:
தாங்கட்டும். பக்கவாத்தியக்காரர் தாளத்தைத் தாங்கலாம், அடுத்தவர் மூச்சைத் தாங்க முடியாது. நீளமான சுரம் வரும் இடத்தில் டிரம்பெட்டை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பிசிறு இருந்தால் தெரிந்துவிடும்.

ஈரோட்டுக்காரன்:
கேட்கிறேன். உதட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். வாய்ப்பைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. கோபி, உங்கள் அப்பாவின் குழுவில் இன்னும் ஊதுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பங்குனி நோம்பிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு மணி நேரம் அவர்களை மட்டும் மேடையேற்றலாம் என்று கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன். சம்பளத்தை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும், அதையும் பேசுகிறேன்.