வெள்ளி எழுத்து பதித்த யத்தகான் வாள்: அசலா? துருவை எப்படி எடுப்பது?

உறைவாள்:
மொத்த நீளம் 72 செ.மீ., அலகு மட்டும் 57. கூர்ப்பக்கம் உள்வளைந்து போய் நுனிக்கருகே நேராகிறது. கைக்காப்பு கிடையாது. வெள்ளை நிறப் பிடி, முடிவில் காது மாதிரி இரண்டு விரிவுகள். அலகில் வெள்ளியில் அரபு எழுத்து. கடைசியில் 124, பக்கத்தில் ஒரு புள்ளி. விற்றவர் "துருக்கிப் பிச்சுவா, 1600கள்" என்கிறார். செந்துரு திட்டுத்திட்டாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துவிட்டு தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பழையஇரும்பு:
முதலில் புளியைக் கீழே வையுங்கள்.

இது பிச்சுவா இல்லை. பிச்சுவா நம் பக்கத்துக் குத்துவாள், தேளின் பெயரிலிருந்து வந்த சொல். துருக்கியில் 'பிச்சாக்' என்றாலே கத்திதான். போஸ்னியப் பிச்சாக் இதைவிட மிகச் சிறியது. உங்களிடம் இருப்பது யத்தகான், ஒட்டோமான் துருக்கியர் காலத்துக் குறுவாள். காப்பு இல்லாமை, உள்வளைந்த கூர், காதுகள் மூன்றும் சேர்ந்தால் வேறொன்றாக இருக்க வழியில்லை. போஸ்னியாவில் சரயேவோ, ஃபோச்சா ஊர்ப் பட்டறைகள் இதற்குப் பேர்போனவை. வெள்ளைப் பிடி, கரும்பிடி என்று பிரித்து அங்கே தனித்தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

அந்தப் புள்ளி அலங்காரம் அல்ல. அரபு இலக்கத்தில் புள்ளிதான் பூஜ்யம். சிறு வட்டம் என்றால் 5. ஆக 1240, ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில். 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்: கி.பி. 1824-25. யத்தகான் ஏந்திய ஒட்டோமான் காலாட்படையான ஜானிசாரி கலைக்கப்பட்டது 1826இல், அதற்குச் சற்று முந்தைய வாள் இது. 1600கள் என்பது விலையை ஏற்றச் சொன்ன கதை. சில அலகுகளில் ஆயிரத்தை விட்டுவிட்டு 240 என்று மட்டும் வெட்டியிருப்பார்கள், அதிலும் ஏமாறாதீர்கள். எழுத்தில் 'ஸாஹிப்' என்பதை அடுத்து வருவது உடையவர் பெயர். 'அமல்' என்பதை அடுத்து வருவது செய்தவர் பெயர்.

லூப்பா10:
தேதி இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது. 10 மடங்கு லென்ஸில் வெள்ளி உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். அடியில் வெட்டிய பள்ளமோ குறுக்கு மறுக்குக் கீறலோ தெரிந்தால் கம்பியை அடித்துப் பதித்த வேலை. வெறும் மங்கலான ஆழமற்ற தடம் என்றால் அமிலத்தில் அரித்தது. சுற்றுலாச் சரக்கில் அதுதான் மிகுதி. பிடியில் நுண்ணிய கரும்புள்ளிகள் இருந்தால் எலும்பு. உட்பகுதி கூழாங்கல் குவித்தது போலிருந்தால் வால்ரஸ் தந்தம். குறுக்குவெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் யானைத் தந்தத்துக்கு. அப்படியானால் நாடு விட்டு நாடு அனுப்பும் நினைப்பை விடுங்கள்.

பழையஇரும்பு:
துருவுக்கு வருகிறேன். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அமிலம். துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், வெள்ளியைப் பிடித்திருக்கும் கீறலும் தளர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.

தையல் மெஷின் எண்ணெயைத் துருத்திட்டில் மட்டும் ஒரு சொட்டு வைத்து 24 மணிநேரம் விடுங்கள். மூங்கில் குச்சியைச் சீவி, அலகின் நீளவாக்கில் மெதுவாகச் சுரண்டுங்கள். வராவிட்டால் மறுபடி எண்ணெய், பலத்தைக் கூட்டாதீர்கள். கரும்பழுப்புப் படலத்தைத் தொடவேண்டாம், அது இரும்பின் வயது. பிடிவாதமான இடத்துக்கு 0000 ஸ்டீல் வுல்லை (மிக நுண்ணிய இரும்பு இழைப் பஞ்சு) எண்ணெயில் நனைத்து...

லூப்பா10:
...எழுத்திலிருந்து விலகி, வெறும் இரும்பில் மட்டும். இழை ஒன்று வெள்ளி நுனியில் மாட்டினால் கம்பியே உரிந்து வந்துவிடும்.

பழையஇரும்பு:
சரி, ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு (அருங்காட்சியகங்களில் உலோகத்துக்குப் பூசும் காப்பு மெழுகு) ஒரே ஒரு மெல்லிய பூச்சு. ஆல்கஹாலைப் பிடிக்கு 2 செ.மீ. முன்பே நிறுத்துங்கள். பிடிக்குள் குங்கிலியம் போன்ற பிசின் நிரப்பியிருப்பார்கள். அது இளகினால் பிடியின் இருபுறமும் பதித்த ஓடுகள் ஆடத் தொடங்கும். வெந்நீரும் கூடாது, அதே காரணம்.

உறைவாள்:
மரத்தின் மேல் தோல் போர்த்திய உறை. துடைத்து முடித்ததும் அதிலேயே வைத்துவிடலாமா?

லூப்பா10:
வேண்டாம். பதனிட்ட தோலும் பழைய மரமும் அமிலம் கசியும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். அலகு தனியாக, உறை தனியாக, அமிலமற்ற தாளில் சுற்றி ஒரே பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 45-50% இருக்கட்டும். சிலிக்கா ஜெல் அளவுக்கு மீறினால் இரும்புக்கு நல்லது, பிடி வெடிக்கும். இன்னொன்று: உருவும்போது உறையைக் கூர்ப்பக்கம் பொத்திப் பிடிக்காதீர்கள். இரு பாதி மரத்தை ஒட்டிய உறை அது. ஒட்டு விட்டிருந்தால் அலகு நேரே உள்ளங்கைக்கு வரும்.