தொங்கும் மனிதன் அட்டை: தண்டனையா, தியாகமா?

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரைடர்–வெயிட் என்ற சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு, பலன் பார்க்கப் பயன்படும் டாரட் அட்டைகளின் குறியீடுகளைப் பயின்று வருகிறேன். மேஜர் அர்கானா எனப்படும் முதன்மை அட்டைகளில் பெரும்பாலானவற்றில் படத்துக்கும் அதற்குச் சொல்லப்படும் பொருளுக்கும் உள்ள தொடர்பு ஓரளவு விளங்குகிறது. பன்னிரண்டாம் அட்டையான ‘தொங்கும் மனிதன்’ மட்டும் பிடிபடவில்லை. ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட ஒருவனுடைய முகத்தில் வேதனையின் சாயலே இல்லை. போதாக்குறைக்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு. கையேடுகள் தியாகம், காத்திருத்தல், ஞானம் என்று எழுதுகின்றன. பழைய இத்தாலிய அட்டைகளை வைத்துப் பலன் சொல்லும் ஒருவரோ, இது துரோகத்தின் அட்டை என்று உறுதியாகச் சொன்னார். இவ்வளவு எதிரெதிரான பொருள்கள் ஒரே படத்துக்கு எப்படி வந்தன? பலன் பார்க்கும்போது எதை எடுத்துக்கொள்வது?

சுவடி எழுதியது:

உங்களிடம் துரோகம் என்று சொன்னவர் கற்பனையாகச் சொல்லவில்லை. டாரட் முதலில் பலன் பார்க்கும் கருவியாகப் பிறக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் வட இத்தாலியில் அது ஒரு சீட்டாட்டம். அக்காலத்து இத்தாலிய நகரங்களில், துரோகிகளையும் கடன் ஏமாற்றியவர்களையும் பிடிக்க முடியாதபோது, அவர்கள் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச் சுவர்களில் படம் வரைந்து அவமானப்படுத்தும் வழக்கம் இருந்தது. 1440இல் ஆங்கியாரிப் போருக்குப் பிறகு, ஃபுளோரன்சுக்கு எதிராகத் திரும்பியவர்களை ஆந்திரேயா தெல் காஸ்தாஞோ என்ற ஓவியர் அந்நகரத்து நீதி மாளிகையின் சுவரில் இப்படித்தான் வரைந்தார். அதனால் ‘தொங்குபவர்களின் ஆந்திரேயா’ என்ற பட்டப்பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஆந்திரேயா தெல் சார்த்தோ என்ற ஓவியருக்கும் அதே வேலை வந்தது. அதற்காக அவர் போட்டுப் பார்த்த முன்வரைவுகளில் சில இன்றும் ஃபுளோரன்சின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் உள்ளன. அட்டையில் காணும் அதே நிலையை அங்கே பார்க்கலாம்.

மிலான் பிரபுக் குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட விஸ்கொந்தி–ஸ்ஃபோர்சா கட்டிலும் இந்த அட்டை இருக்கிறது. இங்கே ஒரு செய்தி என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். அந்தக் கட்டுக்கு உரியவராகக் கருதப்படும் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவின் தந்தை முத்ஸியோ அத்தெந்தோலோ, 1412இல் திருச்சபையின் பகையைச் சம்பாதித்தபோது, ரோம் நகரில் இதே கோலத்தில் வரைந்து இழிவுபடுத்தப்பட்டவர். தகப்பனுக்கு நேர்ந்த அவமானத்தின் உருவம் மகன் வீட்டுச் சீட்டுக்கட்டில் பொன் பூச்சின் நடுவே இருந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்தவர்கள் யாரும் தியாகம் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள, தவறாக ‘ஆறாம் சார்லஸ் கட்டு’ என்று பெயர் பெற்ற இன்னொரு பழைய கட்டில் இவன் இரண்டு கைகளிலும் பணப்பைகளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய வெள்ளிக்காசை நினைவூட்டுவதற்கே அப்படி வரைந்தார்கள் என்று நான் கருதுகிறேன். சில பழைய பட்டியல்களில் அட்டையின் பெயரே ‘துரோகி’தான்.

செம்பருத்தி எழுதியது:

சுவடி ஐயா சொன்ன வரலாறு முழுவதையும் ஏற்கிறேன். ஆனால் கேட்டவர் கையில் இருப்பது மிலான் கட்டு அல்லவே. 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு. அதன் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித், கருத்தை வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். இருவரும் ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானச் சங்கத்தில் இருந்தவர்கள். அவர்கள் கைக்கு வரும் முன்பே படத்தின் பொருள் புரட்டப்பட்டிருந்தது. 1781இல் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சு அறிஞர் டாரட்டை எகிப்தியரின் ஞான நூல் என்று அறிவித்தார். மேற்கத்திய மரபு போற்றும் நால்வகை அறங்களில் வலிமை, நீதி, நிதானம் ஆகிய மூன்றும் அட்டைகளில் இருக்க, விவேகம் மட்டும் காணவில்லையே என்று தேடிய அவர், இந்தத் தொங்கும் மனிதன்தான் அந்த விவேகம் என்று முடிவு செய்தார். ஒரு காலை ஊன்றி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கும் மனிதனை, விவரம் தெரியாத அச்சுக்காரர் தலைகீழாக அச்சிட்டுவிட்டார் என்பது அவருடைய வாதம். எகிப்துக் கதைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனாலும் குற்றவாளியாக இருந்தவனைச் சிந்திப்பவனாக மாற்றிய முதல் பெரிய திருப்பம் அதுதான் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் அட்டையையே உற்றுப் பாருங்கள். அவன் தொங்குவது மார்செய் எனப்படும் பழைய பிரெஞ்சு டாரட் அட்டைகளில் வருவதுபோல் கிளை வெட்டப்பட்ட இரண்டு கம்பங்களுக்கு இடையே அல்ல. டி வடிவிலான ஒற்றை மரத்தில். அந்த மரம் இலை விட்டிருக்கிறது. தூக்குமரத்தில் இலை இருக்காது. கட்டப்படாத கால் மடங்கிச் சிலுவை போல் குறுக்கே கிடக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. பின்னணியில் ஊரும் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை. அவமானம் என்பதற்குப் பார்வையாளர்கள் வேண்டும். ஸ்மித் அவர்களுக்கு இடமே தராமல் அங்கே வெறும் சாம்பல் வெளியை மட்டும் வைத்தார். இந்த அட்டையின் பொருளை மாற்றியதில் ஒளிவட்டத்தைவிட இந்த வெறுமைக்குத்தான் பங்கு அதிகம் என்று நம்புகிறேன்.

வெயிட்டின் விளக்கத்தில் ஒரு முரண் உண்டு. இதை உயிர்த்தியாகத்தின் அட்டை என்பதும் விவேகத்தின் அட்டை என்பதும் தவறு என்று மறுத்துவிட்டு, பலன்களைப் பட்டியலிடும் இடத்தில் அவரே தியாகத்தையும் சேர்க்கிறார். அவர் அழுத்திச் சொல்வது, இந்த உருவம் நிறுத்திவைக்கப்பட்ட உயிர், மரணம் அல்ல என்பதைத்தான். கையேடுகள் அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிட்டன.

தேடல் எழுதியது:

ஒரு சிறு ஐயம். தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்ட புனித பேதுருவையும், மரத்தில் தொங்கி ரூன் எழுத்துகளின் அறிவைப் பெற்ற வடநாட்டுத் தெய்வம் ஓடினையும் இந்த அட்டையோடு இணைத்துப் பலர் எழுதுகிறார்களே, அதில் உண்மை உண்டா?

சுவடி எழுதியது:

தியானிக்கும்போது அந்தக் கதைகள் உதவலாம். அட்டையின் தோற்றத்தோடு அவற்றை இணைக்க முடியாது. பேதுருவின் ஓவியங்களில் கைகள் சிலுவையில் விரிந்திருக்கும், ஒற்றைக் காலில் தொங்கும் கோலம் அங்கே கிடையாது. ஓடினைப் பற்றிய பாடல் ஐஸ்லாந்து மரபைச் சேர்ந்தது. அது பதினைந்தாம் நூற்றாண்டு மிலானின் ஓவியப் பட்டறைக்கு எந்த வழியில் வந்தது என்று யாரும் காட்டவில்லை. பக்கத்துத் தெருச் சுவரிலேயே மாதிரிப் படம் இருந்தபோது அவ்வளவு தொலைவு போகத் தேவையும் இல்லை.

நீலவானம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இனி இரண்டு பொருள்களையும் ஒன்றையொன்று மறுப்பவையாகப் பார்க்க மாட்டேன். ஆனாலும் நடைமுறையில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஏற்கெனவே தலைகீழாக இருக்கும் இவன், அட்டை திரும்பி விழும்போது நிமிர்ந்து நிற்பவனாகத் தெரிகிறான். அப்போது பலனை எப்படிச் சொல்வது?

செம்பருத்தி எழுதியது:

இது நல்ல கேள்வி. பலரும் இங்கே தடுமாறுவார்கள். வெயிட் தரும் தலைகீழ்ப் பலன் தன்னலம், கூட்டம் என்பவை. முதல் பார்வைக்குத் தொடர்பில்லாமல் தோன்றும். படத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள்: அவன் இப்போது எல்லோரையும் போல நிமிர்ந்து நிற்கிறான், ஊர் உலகத்தைப் பார்க்கும் விதமாகவே அவனும் பார்க்கிறான், ஆனால் காலில் கயிறு அப்படியே இருக்கிறது. கட்டு அவிழவில்லை, பார்வைதான் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆகவே திரும்பி விழுந்தால் விடுதலை என்று சட்டென்று சொல்லிவிடுவதை நான் ஏற்பதில்லை. நின்று யோசிக்கக் கிடைத்த நேரத்தை ஒருவர் மறுக்கிறார் என்றோ, கூட்டத்தின் கருத்தையே தன் கருத்தாக எடுத்துக்கொள்கிறார் என்றோ சொல்வேன்.

இதோடு இருபத்தொன்றாம் அட்டையான ‘உலகம்’ அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அங்கே மாலைக்குள் ஆடும் பெண்ணின் ஒரு கால் இவனுடைய காலைப் போலவே மற்றொன்றின் பின்னால் மடங்கியிருக்கும். அதே கால் அமைப்பு இங்கே கயிற்றில், அங்கே நடனத்தில். இந்த இரண்டும் ஒன்றாக வந்தால், தடை எப்போது நீங்கும் என்று கேட்பவரிடம் தேதி எதையும் சொல்லாமல், அந்தத் தடைக்குள் இருந்துகொண்டே அவர் எதைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று கேட்பது என் வழக்கம்.

துரோகம் என்ற பழைய பொருளையும் கைவிட வேண்டாம். சூழ்ந்திருக்கும் அட்டைகள் மோதலையும் வேதனையையும் குறிக்கும் வாள் வகையாக இருந்து, கேட்டவரின் கேள்வியும் ஊரார் பேச்சு, பழி, மான இழப்பு பற்றியதாக இருந்தால், அந்த இத்தாலியச் சுவரோவியம்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். அங்கே போய் ஞானம், காத்திருப்பு என்று சொன்னால் அவருடைய வலியைக் காதில் வாங்காமல் பேசுவதாகிவிடும். பொய்ப்பழி சுமந்து நிற்கும் ஒருவரிடம், இந்தப் படம் முதலில் அப்படி நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியதுதான் என்று விளக்கிவிட்டு, அதன் பிறகு இலைகளையும் ஒளிவட்டத்தையும் காட்டுங்கள்.