ஆமைக் குஞ்சுகள் விளக்கை நோக்கிப் போகின்றன: உதவி தேவை

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் தீவில், மீனவர்களோடு சேர்ந்து, வனத்துறை அனுமதியுடன் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) கூடுகளைக் காத்து வருகிறோம். ஜனவரி கடைசியில் முட்டையிட்ட 4 கூடுகளில் 2 கூடுகள் 50 நாட்களில் பொரிந்தன. குஞ்சுகளில் பாதிக்கு மேல் கிழக்கே கடலுக்குப் போகாமல், மேற்கே ஒரு வளாகத்தின் வெள்ளை விளக்குகளை நோக்கி ஊர்ந்தன. விடிந்தபோது நாய்கள் கடித்துப் போட்டவற்றைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பழைய பாய்களைத் தடுப்பாகக் கட்டினோம், கடற்காற்று சாய்த்துவிட்டது. குப்பத்து அண்ணன்மார் சிவப்பு விளக்கோடு இரவெல்லாம் விழித்திருந்து, 37 குஞ்சுகளைக் கூடையில் அள்ளி அலையோரம் விட்டார்கள். வளாகத்தில் மனு கொடுத்தோம், பதில் இல்லை.

மீதி 2 கூடுகளும் இந்த வாரம் பொரியும். கடற்காற்றைத் தாங்கி வெளிச்சத்தை மறைக்கும் தடுப்பை எந்தப் பொருளால், எவ்வளவு உயரத்தில் கட்டுவது?