பொது மொன்ஸ்டரும் வாங்கிய ஏச்சும்

பலர் ஒரே உலகத்தில் விளையாடும் ஒன்லைன் கேமான கில்ட் வோர்ஸ் 2-இல் இன்னொருவர் அடித்துக்கொண்டிருந்த மொன்ஸ்டரில் கைவைத்ததற்கு ஏச்சு விழுந்தது என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, ஏசியவர் வேறு ஏதோ பழைய கேமிலிருந்து வந்தவராக இருக்கும். 2012-இல் வெளிவந்த அந்தக் கேமில் போதுமான அளவு அடித்த எல்லோருக்கும் அவரவர் பொருள் தனியாகவே விழும், உங்களால் அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. பக்கத்தில் விழுந்து கிடப்பவரைத் தூக்கிவிடாமல் ஓடினீர்கள் என்றால் ஏசட்டும், அது நியாயம்.

அதே மாதிரி இன்னொரு ஒன்லைன் கேமான வோர்கிராஃப்ட் கிளாசிக்கில் கதை வேறு. முதல் அடி யாருடையதோ மொன்ஸ்டர் அவருக்கு, மற்றவர்கள் திரையில் அதன் பெயர் சாம்பல் நிறமாகிவிடும், பிறகு விடிய விடிய அடித்தாலும் ஒன்றும் கிடைக்காது. நான் இருப்பது திருகோணமலை உவர்மலையில், கேம் ஓடுகிற சேர்வர் இருப்பது சிட்னியில், என் அடி போய்ச் சேரவே பிந்தும். என் மந்திரவாதி நெருப்புப் பந்தை ஓதி முடிப்பதற்குள் எவனாவது ஒரு வேடன் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு அம்பு விட்டால் போதும், போச்சு. அதை நான் களவு என்று சொல்லமாட்டேன், அவன் என்னைக் கண்டிருக்கவே மாட்டான். களவு என்றால் இதுதான்: குகைக்குள் காவலுக்கு நின்றவர்களை நான் ஒவ்வொருவராக அடித்து வழி திறக்கிறேன், மருந்தெல்லாம் தீர்ந்து, மனா, அதாவது மந்திர சக்தி, நிரம்பட்டும் என்று உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறேன், பின்னாலேயே பதுங்கி வந்த ஒருத்தன் நேரே போய்த் தலைவனுக்கு முதல் அடி கொடுக்கிறான். 'பார்ட்டிக்கு வாறீங்களா', அதாவது ஒரே குழுவாகச் சேருவோமா, என்று கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் கணக்கில் ஏறியிருக்கும். கேம் தருகிற வேலை, அதாவது குவெஸ்ட், பொருள் சேகரிக்கிறது என்றால் சேர்ந்து போவது இழுபடும், அதனால் மறுப்பவர்கள் உண்டு, சரி. ஆனால் கொல்லுகிற குவெஸ்டுக்கும் கேட்காமல் விடுபவனை என்ன சொல்ல?

அதே கிளாசிக் 2019 ஆகஸ்டில் திறந்தபோது ஒரே தலைவனுக்காக ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள், அந்தப் படங்கள் அப்போது எங்கும் சுற்றின. அந்த வரிசையைக் கேம் காக்கவில்லை, யாரும் நடுவில் பாய்ந்து அடித்திருக்கலாம், அடித்தால் சுற்றி நின்றவர்கள் ஏசுவார்கள், அவ்வளவுதான் காவல். 2022-இல் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டே நாங்கள் பெற்றோலுக்கு நின்ற வரிசையை விட அது ஒழுங்கு என்று கிண்ணியா நண்பன் இன்றைக்கும் பகிடி விடுவான்.

பைனல் பேண்டஸி 14 என்ற ஒன்லைன் கேமின் வேட்டையில்தான் பெரிய சண்டை. எஸ் தர மிருகம், அதாவது அபூர்வமாக வருகிற பெரிய மிருகம், வந்துவிட்டது என்று யாரோ அறிவிப்பார், ஜனம் ஓடி வரும், நூறு பேர் சுற்றி நின்று துள்ளுவதும் ஆடுவதுமாக இருப்பார்கள், ஒருவரும் தொடமாட்டார்கள், அறிவித்தவர் சொன்ன நேரம் வரும்வரை. ஏனென்றால் அத்தனை பேரும் அடித்தால் அது கண் மூடித் திறப்பதற்குள் செத்துவிடும், பிந்தி வந்தவருக்கு ஒன்றுமில்லை. ஒருமுறை நாங்கள் அப்படி நிற்கும்போது ஒருத்தர் பக்கத்தில் திரிந்த சில்லறை மிருகத்துக்கு விட்ட பரவல் தாக்குதல் இதிலும் பட்டுவிட்டது. அப்புறம் என்ன, எல்லோரும் பாய்ந்தார்கள், மிருகம் முடிந்தது, அவருக்குக் கேமின் அரட்டைப் பெட்டியில் விழுந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. அவர் 'சொறி, சொறி' என்று போட்டுக்கொண்டே இருந்தார், ஒருவரும் வாசிக்கவில்லை. அதிகம் கத்தியவர்கள் நேரத்துக்கு வந்து முழுப் பரிசும் வாங்கியவர்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். வேண்டுமென்றே அடிப்பவனும் இருக்கிறான், தெரியும், ஆனால் அவனுக்கு ஏச்சு உறைக்கிறதா?

அதே கேமின் டோன்பெரி சேர்வரில் வேட்டைக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்: உங்கள் பக்கம் எத்தனை நிமிடம் பொறுக்கிறார்கள்? எங்களுக்குக் கரண்ட் போய் ரவுட்டர் திரும்ப எழும்பவே ஐந்து நிமிடம் பிடிக்கிறது.