தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் பக்கத்துல வாடகை வீடு, பகல்ல தூங்க முடியுமா?

நைட்ஷிஃப்ட்_ஆந்தை:
சேலையூர் தாண்டி மாடம்பாக்கம் போற வழில ஒரு வீடு பாத்திருக்கேன், ரெண்டாவது மாடி, வாடகை கட்டுப்படியாகுது, தண்ணியும் நல்லாருக்கு. பிரச்சனை என்னன்னா நான் நைட் ஷிஃப்ட், காலைல 7 மணிக்கு வந்து படுக்கிற ஆளு. வீடு பாக்கப்போன அரைமணி நேரத்துல ஒரே ப்ளேன் அஞ்சு தடவை தலைக்கு மேல சுத்திட்டு போச்சு. ஓனர் கேட்டா "சின்னப் பசங்க ஓட்டப் பழகறாங்க, போகப்போக காதுக்கே கேக்காது"ங்கறாரு. பசங்க பழகறாங்கன்னதும் எனக்கு தூக்கத்த விட பயம்தான் ஜாஸ்தியாயிடுச்சு. அங்க குடியிருக்கறவங்க சொல்லுங்க.

கேம்ப்ரோடு_வாசி:
14 வருஷமா இங்கதான் இருக்கோம். பிலாட்டஸ்னு ஒண்ணு, முன்னாடி காத்தாடி இருக்கும், அது வண்டு மாதிரி ரீங்காரம், ஃபேன போட்டுட்டு படுத்தா தெரியாது. கிரண்னு ஒரு பழைய ஜெட் இருக்கு, அதோட கீச்சு சத்தம்தான் மண்டைய குடையும், எங்கம்மா அது வந்தா டிவி சவுண்ட கூட்டிட்டு, போனதும் கொறைக்க மறந்துடுவாங்க. சனி ஞாயிறு பெரும்பாலும் சத்தமே இருக்காது, ஆனா உங்களுக்கு அது பிரயோஜனப்படாது பாவம்.

ஓய்வு_ஏர்மேன்:
தம்பி, ஓனர் சொன்னது தப்பு. சின்னப் பசங்க முதல்ல பழகறது ஹைதராபாத் பக்கம் துண்டிகல்ல. தாம்பரத்துல இருக்கிறது ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல், அதாவது வாத்தியாருக்கு படிக்கிற இடம். 1948ல அம்பாலால ஆரம்பிச்சு 1954ல இங்க வந்தது. நம்ம முப்படை பைலட்டுங்களும் வருவாங்க, நட்பு நாட்டுக்காரங்களும் வருவாங்க, எல்லாரும் ஏற்கனவே நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க.

அப்புறம் எதுக்கு சுத்தறாங்கன்னா, ஓட்டறது வேற சொல்லிக்குடுக்கறது வேற. பிலாட்டஸ்ல ஸ்டூடண்ட் முன் சீட்டு, வாத்தியார் பின் சீட்டு. இவ்வளவு நாள் முன்னாடி உக்காந்து இறக்கினவரு இப்ப பின்னாடிலேர்ந்து இறக்கணும், அதுவும் வாய் ஓயாம "இப்ப பவர கொறைக்கிறேன், மூக்கு எங்க இருக்கு பாரு"ன்னு பேசிக்கிட்டே. கை பண்றதும் வாய் சொல்றதும் ஒண்ணாப் போகணும், அதுக்கு "பேட்டர்" (patter)னு பேரு. அதைவிட கஷ்டம், ஸ்டூடண்ட் தப்பு பண்ணா உடனே கண்ட்ரோல பிடுங்கக்கூடாது, எவ்வளவு தூரம் விடலாம்னு ஒரு கணக்கு இருக்கு. சக்கரம் தரைல பட்டதும் நிக்காம மறுபடி ஏறிடுவாங்க, எங்க பாஷைல ரோலர். நீங்க எண்ணின அஞ்சு தடவை அதுதான். நான் கீழ நின்ன ஆளு, ஓட்டினவன் இல்ல, ஆனா இறங்கி வந்தா சட்டை முதுகோட ஒட்டியிருக்கும், அத பாத்திருக்கேன்.

நைட்ஷிஃப்ட்_ஆந்தை:
ஐயா ரொம்ப நன்றி, இது தெரியவே தெரியாது. ஆனா 2016ல அந்தமான் போறப்ப ஒரு ப்ளேன் காணாம போச்சே, அது இங்கேருந்துதானே கெளம்புச்சு?

ஓய்வு_ஏர்மேன்:
ஆமா, ஜூலை 22. அது ஏஎன்-32, ஆள் ஏத்திட்டு போர்ட் பிளேர் போன வண்டி, ட்ரெயினிங் இல்ல. 29 பேர். ஏழு வருஷத்துக்கு மேல கழிச்சு, 2024 ஜனவரிலதான், கரையிலேர்ந்து 310 கிலோமீட்டர் தள்ளி 3400 மீட்டர் ஆழத்துல உடைஞ்ச பாகங்க கிடைச்சதுன்னு சொன்னாங்க. அத பத்தி இதுக்கு மேல எழுத முடியல தம்பி.

கேம்ப்ரோடு_வாசி:
நீங்க பயப்படறதா இருந்தா பருந்துக்கு பயப்படுங்க. எங்க தெரு முனைல கோழிக்கழிவ மூட்டையா கட்டி போட்டுட்டு போறாங்க, பத்து பதினஞ்சு பருந்து வட்டம் போடுது, ப்ளேனும் அதே உயரத்துல வருது. ஏர்போர்ட்ட சுத்தி 10 கிலோமீட்டருக்கு இப்படி கொட்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, ரெண்டு தடவை கம்ப்ளைண்ட் குடுத்தேன், மூட்டை இடம் மாறிச்சு, அவ்வளவுதான். அப்புறம் மொட்டை மாடில நின்னு ஃபோட்டோ எடுக்கறது, ட்ரோன் விடறது எல்லாம் வேணாம்.

நைட்ஷிஃப்ட்_ஆந்தை:
அதே பில்டிங்ல கீழ் வீடு காலியாம், ஓனர்கிட்ட அத கேட்டிருக்கேன். வெயிலும் கம்மி, கிரணும் கொஞ்சம் கம்மியா கேக்கும்ல?

கேம்ப்ரோடு_வாசி:
கிரண் கம்மியாகும். கீழ் வீட்டுக்கு கொசு இருக்கு.