கண்ணும் செவுளும் இல்லாத மீன்: சுஷி உண்டவர்களின் அனுபவங்கள்

கள்ளப்பாடு, முல்லைத்தீவிலிருந்து

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், ஒரு மீன் உடன் மீனா அல்லது இரவு முழுவதும் ஐஸில் கிடந்ததா என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற செருக்கு நெடுநாளாக இருந்தது. கண் புடைத்துத் தெளிந்திருக்க வேண்டும், செவுள் இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும், தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காமல் தடி போல் நிற்க வேண்டும் என்பவற்றை நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். கரையில் ஏலம் கூறும்போது அவர் மீனைத் தொடுவதுகூட இல்லை. நான்கு எட்டுத் தூரத்தில் நின்று கண்ணைப் பார்த்தே விலை சொல்லிவிடுவார்.

அந்தச் செருக்கு சென்ற ஆண்டு கொழும்பில் ஒரு மதிய வேளையில் உடைந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சான், அங்கே, வினாகிரிச் சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீனை வைத்துத் தரும் ஜப்பானிய உணவான சுஷியை விற்கும் ஓர் உணவகத்தின் சமையலறையில் ஏழு ஆண்டுகள் வேலை செய்தவன், என்னைச் சாப்பிட அழைத்துப் போனான். தட்டு வந்தது. விரல் நீளச் சோற்று உருண்டைகளின் மேல் மீன் துண்டுகள் போர்த்தியிருந்தன. கண் இல்லை, செவுள் இல்லை, தோல் இல்லை. அழுத்திப் பார்க்கலாம் என்றால் அரை விரல் தடிப்புக்கூட இல்லை. எனக்குத் தெரிந்த சோதனைகளில் ஒன்றுக்கும் அந்தத் தட்டில் இடமிருக்கவில்லை. வேறு வழியின்றிக் குனிந்து மணந்து பார்த்தேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்த மச்சான், "அது சரியான வேலைதான், மீன் மணம் வந்தால் எழும்பிப் போவோம்" என்றான். நல்ல சுஷியில் மீன் வாடை இருக்காதென்றும், கடற்கரைக் காற்றின் மெல்லிய மணமும் சோற்றிலிருந்து வினாகிரி மணமும் மட்டுமே வரவேண்டுமென்றும் பிறகு விளக்கினான்.

மணம் வரவில்லை. ஆனால் சூரைத் துண்டின் நிறம் என்னை உறுத்தியது. எங்கள் கரையில் பெரிய சூரையை வெட்டி வைத்தால், வெட்டுமுகம் சிவந்திருப்பது கொஞ்ச நேரந்தான். காற்றுப் படப்பட மங்கி, நாளாக ஆகக் கபிலமாகிவிடும். தட்டில் இருந்ததோ வத்தகப்பழத்தின் நடுப்பகுதி போல ஒரே சீரான இளஞ்சிவப்பு. இதைச் சொன்னபோதுதான் மச்சான் என்னைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்தான். கார்பன் மொனொக்சைட்டு வாயுவை ஏற்றினால் சூரையின் சதையிலுள்ள நிறப்பொருளோடு அது இறுகப் பிணைந்து நிறத்தை அப்படியே நிறுத்திவிடும் என்றும், சதை பழுதான பின்னரும் அந்தச் சிவப்பு மாறாதிருப்பதே அதிலுள்ள ஆபத்து என்றும், ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் இதனை அனுமதிப்பதில்லை என்றும் அவன் சொன்னான். அந்தக் கடை அப்படிச் செய்ததா என்று நாங்கள் அறியோம். ஆனால் அதன் பிறகு அழகான சிவப்பைக் கண்டால் எனக்கு வாய் ஊறுவதில்லை.

கடைசியில் எங்களை எழுப்பியது மீன் அன்று, சோறு. வாயில் வைத்தால் வெளிப்பக்கம் பிசுபிசுத்து, நடுவில் பருக்கை பருக்கையாக விறைத்துக் குளிர்ந்திருந்தது. சுஷிச் சோறு உடல் சூட்டுக்குக் கிட்டிய இளஞ்சூட்டில் இருக்க வேண்டியது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் மாப்பொருள் மீண்டும் இறுகிப் பருக்கை கட்டியாகிவிடும். முதல் நாள் சோற்றை மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்த எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். நேற்றைய சோற்றை விற்கும் கடை நேற்றைய மீனை மட்டும் வீசிவிட்டிருக்குமா என்று மச்சான் கேட்டான். அரைத் தட்டை விட்டுவிட்டு எழுந்தோம்.

ரொறன்ரோவிலிருந்து, பிறந்த இடம் கிளிநொச்சி

மேலே எழுதியவரின் மச்சான் நான்தான். நடந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறார். தான் தட்டை முகத்துக்கு நேரே தூக்கி மணந்ததையும், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்ததையும் மட்டும் விட்டுவிட்டார்.

உடன் மீன்தான் எப்போதும் சிறந்த மீன் என்ற அவருடைய எண்ணம் எனக்கும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், அன்று காலை வந்த மீனை விட்டுவிட்டு ஏன் மூன்று நாளாகத் துணி சுற்றி வைத்திருக்கும் சூரையை வெட்டுகிறீர்கள் என்று தலைமைச் சமையற்காரரிடம் கேட்டேன். அவர் கொரியர், அதிகம் பேசாதவர். பதில் சொல்லாமல் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டி என் முன்னே வைத்தார். அன்றைய மீன் றப்பர் போல இழுபட்டது, சுவை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று நாள் மீன் நாக்கில் கரைந்தது. கூட்டத்தில் பாடம் ஒப்புவித்துப் பிழைவிட்ட பிள்ளை போல் நின்றேன்.

காரணத்தைப் பின்னர் அறிந்தேன். மீன் இறந்ததும் அதன் தசையில் சக்தியைத் தாங்கும் ஏ.டி.பி. என்ற பொருள் படிப்படியாகச் சிதைகிறது. அந்தச் சிதைவின் நடுப்படியில் உண்டாகும் இனோசினிக் அமிலமே மீனுக்கு ஊன்சுவையைக் கொடுப்பது. கருவாடாக்கிய கட்சுவோ என்னும் சூரை வகை மீனில் இதனை ஷின்தாரோ கொடாமா என்ற ஜப்பானியர் 1913 இல் கண்டறிந்தார். இன்னும் சிதைந்தால் கசப்பும் வாடையும் வரும். இந்தச் சிதைவு எவ்வளவு முன்னேறிவிட்டது என்பதை விழுக்காட்டில் சொல்லும் கே மதிப்பு என்ற அளவையையும் 1959 இல் ஜப்பானிய ஆய்வாளர்களே வகுத்தார்கள். பச்சையாக உண்ணும் மீனில் அது 20 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது வழக்கமான கணக்கு. ஆகவே பதம் என்பது ஒரு புள்ளி அன்று, ஏறி இறங்கும் ஒரு மேடு. பெரிய சூரையில் அந்த மேடு மெல்ல ஏறும். கும்பளா போன்ற எண்ணெய் மீனில் ஏறுமுன்பே சரியத் தொடங்கிவிடும். அதனால்தான் கும்பளாவை வந்தவுடன் உப்பிலும் பிறகு வினாகிரியிலும் போட்டுவைப்பார்கள்.

மீனைக் கொல்லும் விதமும் இதிலே சேரும். இக்கெஜிமே என்னும் முறையில் மூளையில் ஒரே குத்தாகக் குத்தி, இரத்தத்தை வடித்து, முள்ளந்தண்டின் துவாரத்தில் கம்பி விட்டு நரம்பைச் செயலிழக்கச் செய்கிறார்கள். வலைக்குள் நெடுநேரம் துடித்துச் சாகும் மீன் தன் சக்தியைத் தானே செலவழித்துவிட்டு விரைவில் விறைத்து விரைவில் பழுதாகும். எங்கள் ஊரில் "துடிக்கத் துடிக்க வந்த மீன்" என்று புகழ்வோமே, அந்தத் துடிப்புத்தான் மீனைக் கெடுக்கிறது என்பதை ஏற்க எனக்குச் சில காலம் எடுத்தது.

உறையவைத்த மீன் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூரக் கடலில் பிடிபடும் சூரையைக் கப்பலிலேயே பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை செல்சியசுக்குக் கிட்டிய குளிரில் உறையவைக்கிறார்கள். தோக்கியோவின் தோயோசுச் சந்தையில் ஏலத்துக்கு வரும் சூரைகளிலும் இவ்வாறு உறைந்து கல்லாகக் கிடப்பவை ஏராளம். அங்கே வாங்குபவர்கள் வால்பக்க வெட்டில் மின்சூள் அடித்து நிறத்தைப் பார்த்து, ஒரு துணுக்குச் சதையை விரல்களுக்கிடையே தேய்த்துக் கொழுப்பை அளக்கிறார்கள். மாமா கண்ணைப் பார்ப்பது போல இவர்கள் வாலைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. அத்துடன், அனிசாக்கிஸ் என்னும் புழு இருக்கக்கூடிய மீனைப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் ஏழு நாள் உறையவைத்தால் அது சாகும். எலுமிச்சம்புளியோ, சுஷியோடு தரும் வசாபி என்னும் உறைப்புக் கூழோ அதைக் கொல்லாது.

தட்டில் நான் பார்ப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். துண்டின் விளிம்பு கூராக இருக்கிறதா, மேற்பரப்பு ஈரமாக அல்லாமல் பளபளப்பாக இருக்கிறதா, மீனின் கீழே தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தண்ணீர் கசிந்தால் உறைந்த மீனை அவசரத்தில் இளக்கியிருக்கிறார்கள். சோற்றோடு கடற்பாசித் தாளில் சுருட்டிய, காரக் கூழ் பூசிய சூரை உருட்டை நான் வாங்குவதில்லை. நாங்கள் துண்டு வெட்டியபின் மிஞ்சிய ஓரங்களைக் கொத்தி எதற்குள் போட்டோம் என்பது எனக்குத் தெரியும். சோற்றுக்கு வினாகிரி சேர்ப்பதுகூடச் சுவைக்காக மட்டுமன்று. புளிப்பு அளவைக் காகிதப் பட்டியால் பார்த்து, பி.எச். 4.6 இற்குக் கீழே இருக்கிறதென்று (இந்த எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) நாளும் ஏட்டில் எழுதுவோம்; இல்லாவிட்டால் அறைச் சூட்டில் இருக்கும் சோற்றில் கிருமி பெருகும்.

வவுனியாவிலிருந்து, ஒரு தாதி

என்னுடையது சுஷி அனுபவம் அன்று. ஆனாலும் இங்கே சொல்லத் தக்கது. விடுதிக் கடமையில் இருந்த ஒரு மாலை, ஒரே வீட்டார் நால்வர் முகமும் கழுத்தும் சிவந்து, தலையிடியோடும் நெஞ்சுப் படபடப்போடும் வந்தார்கள். மதியம் சூரைக் குழம்பு சாப்பிட்டிருந்தார்கள். நன்றாகக் காய்ச்சிய குழம்பு, வாடையும் இருக்கவில்லை என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சூரை, கும்பளா போன்றவை ஐஸ் இன்றிக் கிடந்தால் கிருமிகள் அவற்றின் சதையில், ஒவ்வாமை போன்ற இந்த அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அதனைக் காய்ச்சியும் அழிக்க முடியாது, உறையவைத்தும் அழிக்க முடியாது, பல வேளைகளில் மணத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மகளுக்கு மட்டும் முதல் வாயிலேயே நாக்கில் மிளகு பட்டது போலச் சுள்ளென்று இருந்ததாம். அந்த உறைப்பைக் கறித்தூளின் உறைப்பென்று நினைத்து விழுங்கிவிட்டாள். பச்சை மீன் துண்டில் அப்படி ஒரு சுள்ளென்ற உணர்வு வந்தால், அங்கே கறித்தூள் மேல் பழி போட வழியில்லை, துப்பிவிடுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து

நாங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தோம். கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் என்பதால், குளத்தில் பிடித்த ஜப்பான் மீன் இருக்கிறதே, பெயரிலேயே ஜப்பான் இருக்கிறதே என்று தம்பி ஒரு கோர்வையைக் கொண்டுவந்துவிட்டான். அது 1952 அளவில் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியா என்பதும், குளத்து மீனில் புழுக்கள் இருக்கக்கூடும் என்பதால் ஜப்பானியர்களே நன்னீர் மீனைப் பச்சையாக உண்ண அஞ்சுவார்கள் என்பதும் அக்காவுக்குத் தெரிந்திருந்ததால் நாங்கள் பிழைத்தோம். மீன் பொரியலாயிற்று. சுஷிக்கு அவித்த நண்டுச் சதையும் வெள்ளரிக்காயும் வைத்தோம்.

சம்பா அரிசி ஒட்டவே இல்லை. உருட்டை வெட்டியதும் அவிழ்ந்து புட்டுப் போலக் கொட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்த கடற்பாசித் தாளோ ஈரக்காற்றில் துவண்டுபோய்ப் பல்லுக்குத் துணி போல இருந்தது. நல்ல தாள் அப்பளம் போல் முறிய வேண்டுமாம். அம்மா அதை வாங்கி அடுப்புத் தணலுக்கு மேலே இருமுறை காட்டியதும் மீண்டும் மொறுமொறுத்தது. அன்று சரியாக வந்தது அது ஒன்றுதான்.

மீண்டும் கள்ளப்பாட்டிலிருந்து

மச்சான் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் மீன் சுவையானது என்ற இடத்தில் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, பெரிய பாரையைப் பிடித்த கையோடு கறிக்கு வெட்டினால் சதை சுருண்டு இறுகும், விறைப்பு இளகும் வரை வைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று தன் தகப்பனாரும் சொல்வாரென்றார். நாற்பது ஆண்டுகளாக அதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

பிறகு மச்சானுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். அவருக்கு அறிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

"தம்பி, அங்க வாற மீனுக்கு எவ்வளவு ஐஸ் போடுவினம்?"

"ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல், மாமா. மீனின்ர வயித்துக்குள்ளயும் போடோணும்."

அப்பா முற்றத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த எங்கள் ரெஜிபோம் ஐஸ் பெட்டியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதில் போடுவது அதற்கு அரைவாசி இராது. மறுநாள் விடியற்காலையில் வாடிக்குப் புறப்பட்டபோது, இன்னொரு ஐஸ் கட்டிக்கும் காசு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.